டெல்லி ஃபெலோஷிப்புக்குப் போகிறவர்களுக்கு: ஆறு மாதச் செலவும் ஒரே மாதிரிப் பெயரும்

2023 ஆகஸ்டிலிருந்து அடுத்த ஆண்டு ஜூன் வரை டெல்லியில் ஒரு மாணவர் ஃபெலோஷிப்பில் இருந்தேன். வாரத்தில் மூன்று நாள் மத்திய அமைச்சகம் ஒன்றில் பயிற்சி, இரண்டு நாள் பொதுக்கொள்கை வகுப்பு, முடிவில் ஓர் ஆய்வறிக்கை, மாதம் 20,000 ரூபாய் உதவித்தொகை. அறிவிப்பில் இருந்த இந்த நான்கும் எனக்குக் கிடைத்தன, ஒன்றும் பொய்யில்லை. எது எந்த மாதத்தில் கிடைக்கும் என்பதுதான் அதில் இல்லை. நிறுவனத்தின் பெயரையும் அமைச்சகத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. வேறு திட்டங்களில் இருந்த நண்பர்களும் ஏறக்குறைய இதையே அனுபவித்திருக்கிறார்கள் என்பதால், பெயரை விட நடைமுறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்கு இரண்டு இரவு ரயிலில் போய் இறங்கினேன். முதல் இரண்டு வாரம் அறிமுக வகுப்புகள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் வந்து பேசினார்கள், நன்றாகவே இருந்தது. எந்த அமைச்சகம், எந்தத் தேதியில் சேர வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்றார்கள். எங்கள் பட்டியல் அமைச்சகத்துக்குப் போய், அங்கே ஒப்புதல் கிடைத்து, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து, பிறகுதான் நுழைவு அனுமதி என்பது அப்போது தெரியாது. ஆகஸ்டு முழுவதும் அப்படியே போயிற்று. செப்டம்பரில் ஜி20 மாநாடு. 8 முதல் 10ஆம் தேதி வரை டெல்லியிலுள்ள மத்திய அரசு அலுவலகங்களை மூடிவிட்டார்கள். அதற்கு முன்பும் பின்பும் எந்த அதிகாரியும் பயிற்சி மாணவர்களின் கோப்பைத் தொடும் மனநிலையில் இல்லை. அடுத்து நாடாளுமன்றச் சிறப்புக் கூட்டம், புதிய கட்டடத்துக்குக் குடிபுகல். நான் அமைச்சகத்துக்குள் காலடி வைத்தது செப்டம்பர் கடைசியில். பதினொரு மாதத் திட்டத்தின் முதல் இரண்டு மாதத்தில் பெரும்பகுதி அறையில் படுத்துக்கொண்டே கழிந்தது, வாடகை மட்டும் ஓடியது.

அதனால் தேர்வானவுடன் ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: அமைச்சகம் எது, அவர்கள் ஒப்புக்கொண்ட கடிதம் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் அறிமுக வகுப்புகளுக்கு மட்டும் போய் நண்பர்களோடு தங்கிவிட்டு, கடிதம் வந்த பிறகு வாடகைக்கு வீடு பிடிக்கலாம். முந்தைய ஆண்டு மாணவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுவது இதைவிட நல்லது. நிறுவனம் "ஆகஸ்டு" என்று சொல்வதை அவர்கள் "செப்டம்பர் கடைசி" என்று சொல்வார்கள், அதுதான் சரியாக இருக்கும்.

இனி பணம். என்னை அதிகம் அழவைத்தது இதுதான். உதவித்தொகை அமைச்சகத்தின் நிதியிலிருந்து, அரசின் பொது நிதி மேலாண்மை முறைமை வழியாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அந்த முறைமை நாம் கொடுத்த பெயரையும் வங்கியில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் தலைப்பெழுத்தை ஏற்கமாட்டார்கள் என்பதால் அப்பாவின் முழுப் பெயர் கடைசியில், கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த வங்கிக் கணக்கிலோ வெறும் பெயர் மட்டும். இந்த நான்கிலும் இருப்பது நான்தான் என்று எனக்கும் என் அம்மாவுக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது. என் கணக்கு நிராகரிக்கப்பட்டது என்ற செய்தியே எனக்கு நவம்பரில்தான் வந்தது. அதுவரை "செயல்பாட்டில் இருக்கிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னோடு இருந்த வடநாட்டு மாணவர்களுக்கு அக்டோபரிலேயே பணம் வந்துவிட்டது. எங்கள் குழுவில் தாமதமானவர்கள் நானும், சேலத்திலிருந்து வந்த ஒரு தம்பியும், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண்ணும். கணக்கர் பிரிவில் ஒருவர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் சர்நேம் என்ன?" என்று மறுபடியும் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன்.

வங்கிக் கணக்கு மதுரைக் கிளையில் இருந்தது. பெயரை மாற்ற நேரில் வரச் சொன்னார்கள். பிறகு டெல்லிக் கிளை ஒன்றில் மன்றாடி, ஆதாரையும் பானையும் காட்டி, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து மாற்றினேன். ஆகஸ்டு முதல் சேர்ந்திருந்த நிலுவை முழுவதும் ஜனவரி கடைசியில் ஒரே தொகையாக வந்தது. அதுவரை வீட்டிலிருந்துதான் பணம். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 80,000 ரூபாய் வாங்கினார்கள். மீட்கும்போது வட்டி மட்டும் 4,000 ரூபாய்க்கு மேல். அரசு உதவித்தொகை வாங்கும் பெண்ணுக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்புகிறார்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லக்கூட முடியவில்லை என்று அப்பா போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஆதார், பான், வங்கி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கும்படி செய்துவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் அவசரப்பட்டு அதில் கைவைக்காதீர்கள். ஆதாரில் அப்பாவின் பெயர் ஏற்கெனவே விரிவாக இருந்தால் மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவது எளிது. உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே எழுதி வாங்கி, சான்றொப்பமிட்ட நகல்கள் சிலவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம், குறைந்தபட்சம் அதைப் புரட்டும் வழி, இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊரிலேயே இருந்து வேறு வாய்ப்பு தேடுவது அவமானமில்லை. நிதி ஆயோக்கில் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை பயிற்சி தருகிறார்கள். அதற்கு உதவித்தொகையே கிடையாது, மடிக்கணினியும் நம்முடையது. வெளியுறவு அமைச்சகம் மாதம் 10,000 ரூபாய் தருகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் எங்களுடையது தாராளம்தான். ஆனால் ஜனவரியில் வரும் தாராளம் ஆகஸ்டு வாடகையைக் கட்டாது.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். முனிர்கா என்ற பகுதியில் நான்காவது மாடியில் ஓர் அறை. வாடகை 9,500, அட்வான்ஸ் ஒரு மாதம், தரகருக்கு அரை மாத வாடகை. மெத்தை, வாளி, அடுப்பு என்று இன்னொரு 5,000. வந்த வாரத்திலேயே முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் கரைந்துவிட்டது. மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கினார். மாதம் 200 யூனிட் வரை கட்டணமே இல்லை என்று டெல்லி அரசு அறிவித்திருந்த காலம் அது. அந்தச் சலுகை குடித்தனக்காரர் வரை வந்துசேராது என்று பக்கத்து அறைப் பெண்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். யூனிட் விலையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். குடித்தனக்காரர் விவரத்தைக் காவல்நிலையத்தில் பதிவு செய்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள், முகவரிச் சான்று கேட்கும் இடங்களில் உதவும். பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி: நான் இருந்த காலத்தில் டெல்லி அரசுப் பேருந்தில் பிங்க் டிக்கெட், கட்டணம் கிடையாது. மெட்ரோவில் போனால் ஹோஸ் காஸில் மாறி அமைச்சகங்களுக்குப் பக்கத்திலுள்ள சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கலாம், சீக்கிரம் போய்விடலாம். பணம் வராத மாதங்களில் நான் பேருந்தில்தான் போனேன். தமிழ் பேச ஆளில்லை என்று நெஞ்சடைத்தால் முனிர்காவுக்குப் பக்கத்தில்தான் ராமகிருஷ்ணபுரம், அங்கே டெல்லித் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் என்ற முருகன் கோயிலும் இருக்கின்றன. நவம்பர் முதல் வாரத்தில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி, தொண்டை கமறி, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கோயிலில் பழக்கமான ஓர் அக்கா ரசம் கொண்டுவந்து கொடுத்தார். முகக்கவசமும் கம்பளியும் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள், குளிர் வந்த பிறகு விலை ஏறிவிடும்.

அலுவலகத்துக்கு வருகிறேன். முதல் மாதம் எனக்கு நாற்காலி கிடையாது. நிரந்தர அனுமதிச் சீட்டு வரும்வரை தினமும் வரவேற்பறையில் வரிசையில் நின்று, உள்ளேயிருந்து யாராவது போன் செய்து அனுமதித்த பிறகு மேலே போக வேண்டும். அனுமதிக்க வேண்டியவர் கூட்டத்தில் இருந்தால் அந்த முற்பகல் வரவேற்பறையில்தான். மின் அலுவலகக் கோப்பு முறையில் பயிற்சி மாணவர்களுக்கு உள்நுழைவு தரவில்லை. கோப்பைப் பார்க்க முடியாதவருக்கு அமைச்சகத்தில் என்ன வேலை? நாளிதழ்ச் செய்திகளைத் தொகுத்துக் கொடுத்தேன். ஒரு இணைச் செயலரின் உரைக்குப் படங்கள் செய்து கொடுத்தேன். பேச்செல்லாம் இந்தியில், கோப்பில் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். இந்தி தெரியாத எனக்கு எழுத்தில் சிக்கல் இல்லை, தேநீர் நேரத்தில்தான் ஊமையாக இருந்தேன். ஓரளவு புரிந்துகொள்ளும் இந்தியாவது கற்றுக்கொண்டு போங்கள். கோப்பில் வராத செய்திதான் அமைச்சகத்தில் பாதி, அது தேநீரோடு வருகிறது.

என் நிலைமையை மாற்றியவர் ஒரு செக்ஷன் ஆபீசர், கோப்புகள் உருவாகும் ஒரு பிரிவின் பொறுப்பாளர். பீகார்க்காரர், ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. எங்கள் நிறுவனம் என்னை ஓர் இயக்குநரிடம் ஒப்படைத்திருந்தது. இயக்குநருக்கு நேரமே இல்லை. ஒருநாள் நானாகப் போய் அந்த செக்ஷன் ஆபீசரிடம், "சார், எனக்கு வேலை ஏதாவது கொடுங்கள், எதுவானாலும் செய்கிறேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளிர்காலக் கூட்டத்தொடர் வருகிறது பேட்டா, உட்கார்" என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார். அவர் பிரிவில் இருந்த அந்த ஸ்டூல்தான் என் வகுப்பறை. டிசம்பர் 4ஆம் தேதி கூட்டத்தொடர் தொடங்கியது. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை, அதாவது எழுத்தில் மட்டும் பதில் தருபவை, 230. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்பார்கள். அதனால் ஒரு பக்கப் பதிலுக்குப் பின்னால் அமைச்சருக்காகத் தடித்த குறிப்புக் கட்டு ஒன்று தயாராகும். இதெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் ஒரு மாநிலத்தின் கணக்கு வராமல் இரவு எட்டு மணிக்கு அந்த மாநிலத் தலைமைச் செயலகத்துக்குப் போன் செய்து கெஞ்சுவதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர முடியாது. தமிழ்நாட்டுக் கணக்கு தேவைப்பட்டபோது என்னையே பேச வைத்தார். தமிழில் பேசியதும் சென்னையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பிரிவில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

ஒரு வரைவில் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்ற வரி இருந்தது. அவர் அதைச் சிவப்பு மையில் அடித்தார். அமைச்சர் அவையில் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகிவிடும், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் உறுதிமொழிகள் குழு கேட்கும் என்று விளக்கினார். ஒரே வரியால் ஒரு பிரிவுக்கு எத்தனை மாத வேலை வரும் என்பது அன்றுதான் புரிந்தது. டிசம்பர் 13ஆம் தேதி பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்தார்கள். அதோடு பார்வையாளர் அனுமதி நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் எங்கள் வகுப்பு அவையைப் பார்க்கப் போவதாக இருந்தது, அதுவும் போயிற்று. பெருமளவில் உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது அவர்களுடைய கேள்விகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இரவெல்லாம் திரட்டிய பதில்கள் சில அப்படியே அலமாரிக்குப் போயின. பிரிவில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அடுத்த தொடரில் வேறு யாராவது கேட்பார்கள்" என்று கட்டி வைத்துவிட்டார்கள். முழுச் சம்பளக்காரர்களுக்கு அது சரி, எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

திட்டத்தின் காலம் எப்போது என்று பார்க்கும்போது நாடாளுமன்றத்தின் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். குளிர்காலத் தொடரும் பட்ஜெட் தொடரும் உங்கள் பயிற்சிக்குள் வருகிறதா? தொடர் நடக்கும் வாரங்களில் விடுப்பு எடுக்காதீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம், டிசம்பரில் போகாதீர்கள். உங்களை ஒப்படைத்திருக்கும் பெரிய அதிகாரியைவிட, கோப்பு உண்மையிலேயே பிறக்கும் மேசையில் இருக்கும் உதவிப் பிரிவு அலுவலரையும் செக்ஷன் ஆபீசரையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆய்வறிக்கையில் வேறொரு பள்ளம் காத்திருந்தது. நான் இருந்த பிரிவு நடத்தும் திட்டத்தின் மாவட்டவாரிக் கணக்கை வைத்து எழுதுவதாகத் தலைப்புக் கொடுத்தேன், பேராசிரியரும் ஏற்றுக்கொண்டார். ஜனவரியில் எழுத்துமூலம் அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு உறுதிமொழியைக் காட்டினார்கள், அதில் 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தின் பெயரும் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டுப் பார்க்கலாமா என்று செக்ஷன் ஆபீசரிடம் கேட்டேன். "முப்பது நாளில் பதில் எழுதப்போவதும் நான்தான், அதை எனக்குத் தட்டச்சு செய்து தரப்போவதும் நீதான்" என்று சிரித்தார். கடைசியில் டிசம்பரில் கற்றதுதான் கைகொடுத்தது. கேள்விகளுக்குத் தந்த பதில்களெல்லாம், மாநிலவாரி அட்டவணைகளோடு, நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கின்றன. ஒரே கேள்வியை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள். அவற்றை அடுக்கினால் ஐந்தாறு ஆண்டுக் கணக்கு கிடைத்துவிடும். தணிக்கைத் துறைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கைகளையும் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து எழுதினேன். இரண்டு மாதம் வீணானாலும் அறிக்கை முன்பு நினைத்ததைவிட நன்றாக வந்தது. நீங்கள் முதல் நாளிலிருந்தே வெளியில் கிடைக்கும் கணக்கை நம்பித் தலைப்பு வையுங்கள். உள்ளே பார்ப்பது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள உதவும், மேற்கோள் காட்ட உதவாது.

மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. புதிய திட்டம் எதையும் அறிவிக்க முடியாது. சில அதிகாரிகள் தேர்தல் பார்வையாளர்களாக வெளிமாநிலம் போனார்கள். மாடியே காலியாக இருப்பது போல் இருந்தது. எங்கள் குழுவில் பலர் அந்த மாதங்களில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார்கள். நான் ஆய்வறிக்கையை எழுதினேன். மார்ச் 31க்குள் பில் போடாவிட்டால் அந்த நிதியாண்டின் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால், பிப்ரவரி, மார்ச் உதவித்தொகைக்கான வருகைச் சான்றை மாதம் முடிவதற்குள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். காத்திருந்த நண்பர்களுக்கு அது புதிய ஆண்டுக் கோப்பாகி ஜூனில்தான் வந்தது.

கடைசியாகச் சான்றிதழ். நிறுவனம் தரும் பொதுச் சான்றிதழில் "வெற்றிகரமாக நிறைவு செய்தார்" என்று மட்டுமே இருக்கும். அடுத்து வேலை கேட்டுப் போகும் இடத்தில் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். அதனால் நீங்கள் செய்த வேலையை நான்கு வரியில் நீங்களே எழுதி, பயிற்சிக் காலத்தோடு, அமைச்சகத்தின் தாளில் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் இயக்குநர் மே மாதம் வேறு துறைக்கு மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு என்னை யாரென்றே தெரியாது. செக்ஷன் ஆபீசர் தானே வரைவு எழுதி, வந்தவரிடம் நேரில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கித் தந்தார். அதில் "மக்களவைக் கேள்விகளுக்கான பதில் தயாரிப்பில் உதவினார்" என்ற ஒரு வரி இருந்தது. இப்போது நான் இருக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வில் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்காரர் சுவரில் ஈரம் என்று சொல்லி அட்வான்ஸ் 9,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டார். ஈரம் நான் குடிபோகும்போதே இருந்தது. காலி அறையை நுழையும் நாளன்றே, தேதியோடு, சுவர் சுவராகப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.